அந்த வீட்டுச் சோறும் என் வயிற்றெரிச்சலும்

சாமு,

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "தனியா அந்தக் குளிர்ல கெடந்து என்னப்பா பண்றீங்க, இங்க வந்துருங்க, எல்லாரும் ஒண்ணா இருப்போம்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் தேவிகுளத்து மழையைப் பற்றியும் என் முட்டி வலியைப் பற்றியும் பேசி நழுவிக்கொண்டிருக்கிறேன். போனில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நீ பேசும்போது பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். அடுத்து உன் அத்தையின், அதாவது உன் மாமியாரின், குரல் வரும். "கண்ணு, தோசை ஆறுது, வாங்க." என் பிள்ளையை இன்னொருத்தர் கண்ணு என்று கூப்பிட்டுத் தோசைக்கு அழைக்கிற சத்தம் காதில் விழுந்ததும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழைக்குத் தாவிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ படித்தபின் சௌமியா படிப்பாள், அவள் படித்தபின் அவள் அம்மா படிப்பார்கள், உங்கள் வீட்டில் எதுவும் ஒருவரோடு நிற்பதில்லை. நன்றாகப் படிக்கட்டும். எனக்குப் பொறாமை, சாமு. உன் மாமியார்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லாமல் பதில் எழுத முடியாது.

ஊரில் எல்லோரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். நீ ரெஜிஸ்டர் ஆபீசில் சௌமியாவைக் கட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன் அல்லவா, வேறு மதத்துப் பெண் என்று நான் நொந்துபோயிருப்பதாகச் சர்ச்சில் பேச்சு. பாஸ்டர்கூட ஒருநாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "பிரதர், கர்த்தர் எல்லாத்தையும் நன்மைக்குத்தான் செய்வாரு" என்று ஆறுதல் சொன்னார். நான் பால் இல்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவரிடம் என்னத்தைச் சொல்வது? எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு குறையும் இல்லை. என் மண்டையைக் குடைந்தது ஒரே விஷயம்தான். இனி என் பையனுக்கு யார் சோறு போடுவார்கள்? போடுகிறவர்கள் என்னைவிட நன்றாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது?

உன் அம்மா இறந்துபோனபோது நீ நாலாம் வகுப்பு. அன்றிலிருந்து நம் வீடு ஒரு செல் உயிரி ஆகிவிட்டது. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசுகிறேன், பொறுத்துக்கொள், ரிட்டயர் ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு செல் உயிரிக்கு வாய் என்று தனியாக ஓர் உறுப்பு கிடையாது, வயிறு கிடையாது, கால் கிடையாது. இருக்கிற அந்த ஒரே செல்தான் இரையைத் தேடிப் போக வேண்டும், பிடிக்க வேண்டும், செரிக்க வேண்டும், கழிவை வெளியே தள்ள வேண்டும், மூச்சும் விட வேண்டும். அமீபா தன் உடம்பிலேயே கொஞ்சம் நீட்டிப் போலிக்காலாக்கி, இரையைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. போன இரை ஒரு சின்னக் குமிழுக்குள் கிடந்து செரிக்கிறது. செரிக்காத மிச்சத்தை எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆள் வைத்துக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. எனக்கும் இல்லை. காலையில் அடுப்பு பற்ற வைப்பதும் நான், உன் தலைக்கு எண்ணெய் வைப்பதும் நான், காயாத யூனிபாரத்தை அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைப்பதும் நான். மூணாறு மார்க்கெட்டில் கருவாடு வாங்கி, மண் போக அலசி, புளி கரைத்துக் குழம்பு வைத்து, முள் எடுத்து உனக்கு ஊட்டிவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் ஒன்பதாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் எடுத்ததும் நான்தான்.

நீயும் லேசுப்பட்ட பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மத்தியானம் கஞ்சியும் பயறும் குடித்தால், நீ தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வருவாய். "சார், ஒங்க கஸ்டமர் வந்துட்டாரு" என்று பியூன் சிரிப்பார். மற்ற டீச்சர்கள் தங்கள் டப்பாவிலிருந்து முட்டை எடுத்து நீட்டுவார்கள், நீ தலையைத் திருப்பிக்கொள்வாய். "எங்க அப்பா சோறுதான் வேணும்." எனக்கு அப்போது தலை கால் புரியாது. வெளியே, "இப்படிச் செல்லம் கொஞ்சுறான் பாருங்க" என்று சலித்துக்கொள்வேன். உள்ளே பெருமை பொங்கும். இன்று நான் படுகிற பாடு அன்று அந்த டப்பாவைத் திறந்தபோதே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

வைக்கோல் ஊறவைத்த தண்ணீர் உனக்கு ஞாபகம் இருக்கும். மாட்டுத் தீவனத்துக்குப் போடியிலிருந்து வரும் லாரியில் ஒரு பிடி வைக்கோல் உருவி, குட்டையில் மொண்ட தண்ணீரில் ஊறப்போட்டு லேபில் வைப்பேன். நாலைந்து நாள் கழித்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஊரே அதில் ஓடும். உன்னை ஸ்டூலில் ஏற்றிக் காட்டினேன். பாரமீசியம் மேலெல்லாம் பொடி மயிர் மாதிரி குற்றிழைகளை அடித்துக்கொண்டு, தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றிப் பாக்டீரியாவை வாய்க்குழிக்குள் தள்ளியது. யூக்ளினா ஒன்று பச்சையாக நெளிந்தது. வெளிச்சம் இருந்தால் அதுவே சமைத்துக்கொள்ளும், இருட்டில் விட்டால் சுற்றியிருப்பதை உறிஞ்சிக்கொள்ளும் என்றேன். நீ ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் அம்மா யாருப்பா?" என்று கேட்டாய். அம்மா என்று தனியாக யாரும் இல்லை, ஒன்று தின்று வளர்ந்து இரண்டாகப் பிரியும், பிரிந்தபின் எது பெற்றது, எது பிறந்தது என்று சொல்ல முடியாது, இரண்டும் புதுசுதான் என்றேன். "அப்ப யாரும் சாகலியா?" என்றாய். இல்லை என்றேன். உனக்கு அது பிடித்திருந்தது. எனக்கு இப்போதுதான் அதில் இன்னொன்று தெரிகிறது. அமீபா பிரியும்போது பின்னால் நின்று பார்த்து வயிறு எரிய ஒருத்தரும் மிச்சமில்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நீ முழுசாகப் போய்விட்டாய், நானும் முழுசாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மாமனார் வீட்டை முதல்முறை பார்த்தபோதே எனக்கு உள்ளுக்குள் காந்தியது. விடிவதற்குள் உன் மாமனார் பால் கறந்து வைக்கிறார். அவர் தம்பி தோட்டத்துக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து போடுகிறார். தம்பி மனைவி அரைக்கிறாள், சௌமியா இலை போடுகிறாள், நடுவில் உன் அத்தை சரஸ்வதி அம்மாள் அடுப்பை ஆள்கிறார்கள். யாரும் யாரையும் ஏவுவதாகத் தெரியவில்லை, எல்லாம் நடக்கிறது. பல செல் உயிரியில் நடப்பதும் இதுதான். அங்கே எந்தச் செல்லும் எல்லா வேலையும் செய்வதில்லை. கண்ணில் இருக்கும் செல் தன் இரையைத் தேடி ஓர் அடி நகர்ந்ததில்லை. வாய் மென்று, வயிறும் குடலும் கரைத்து, இரத்தம் சுமந்துபோய் அதன் வாசலில் வைக்கிறது. செடியிலும் அப்படித்தான். இலை வெயிலை வைத்துச் சமைக்கிறது, மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு அந்த வேலை தெரியாது. வேர் தண்ணீரும் உப்பும் மேலே அனுப்புகிறது, இலை சர்க்கரையைக் கீழே அனுப்புகிறது. உங்கள் தோப்புத் தென்னைக்கும் இங்கே சாந்தன்பாறை ஏலச்செடிக்கும் ஒரே ஏற்பாடு.

இதையெல்லாம் பரீட்சைத்தாளில் எத்தனையோ தரம் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை. "தனியா எடுத்து வெளியில விட்டா இந்தச் செல்லு பொழைக்காது, அமீபா பொழைச்சுக்கும்" என்று உன் மாமனாரிடம் சம்பந்தமில்லாமல் சொன்னேன். அவர் பாவம், "ஆமாங்க சார்" என்று இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொன்னார். என் வயிற்றெரிச்சலுக்கு உயிரியலைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கருவாட்டுக் கூத்துக்கு வருகிறேன். நீ அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. போன புரட்டாசியில் எனக்குத் திடீரென்று உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்ப்பதென்றால் சும்மா பார்ப்பதா? முந்தின நாளே நெத்திலிக் கருவாடு வாங்கி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்து, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, துணி சுற்றி எடுத்துக்கொண்டேன். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, தூக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சம்பந்தி வீட்டுக்கு ஆக்கின குழம்பைத் தூக்கிக்கொண்டு போவது, நீங்கள் என் பையனைப் பட்டினி போடுகிறீர்கள் என்று சொல்வதற்குச் சமம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே கொண்டுவந்தேன். தெரியாமல் போனது வேறொன்று. அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. மலைமேலே நமக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் மழைக்கணக்குதான். உங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி இல்லை, சனிக்கிழமை அடுப்பைக்கூடக் கழுவிப் பொட்டு வைத்துத்தான் பற்ற வைக்கிறார்கள். நான் நடு வீட்டில் போய் நின்று, எல்லோர் முன்னாலும் தூக்கின் மூடியைத் திறந்தேன்.

அந்த வாடை கிளம்பியதும் உன் மாமனாரின் தம்பி மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். சௌமியா உன்னைப் பார்த்தாள், நீ தரையைப் பார்த்தாய். உன் அத்தை மட்டும் அசையவில்லை. "ஏனுங்க சம்பந்தி, இத்தன தூரம் பாரம் சொமந்துட்டு வந்திருக்கறீங்க, குடுங்க" என்று தூக்கை வாங்கி, மூடியை அமுக்கி மூடினார்கள். "ஊட்டுக்குள்ள இன்னிக்கு ஆகாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. மோட்டார் ரூமுகிட்ட வேப்பமரத்து நெழல்ல எல போட்டுத் தரச் சொல்றேன், அப்பனும் மகனும் உக்காந்து சாப்புடுங்க." அவர்கள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மல்லுக்கு நின்றிருப்பேன். இப்படி நல்லவர்களாக இருந்து என் கையைக் கட்டிப்போட்டார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வேப்பமரத்தடியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சோற்றை ஆவி பறக்க அவர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் ஜெபம் பண்ணிவிட்டு, முள் பார்த்துப் பார்த்து உன் இலையில் வைத்தேன். நீ ஒரு வாய் எடுத்தாய், இன்னொரு வாய் எடுத்தாய். பிறகு, "போதும்பா. இப்பத்தான் அத்தை பணியாரம் குடுத்தாங்க. வயிறு நெறஞ்சிருச்சு" என்றாய். பொய் சொல்லவில்லை நீ, எனக்குத் தெரியும். உன் முகம் அப்படி இருந்தது, நன்றாகச் சாப்பிட்ட முகம். "சரிடா, பரவால்லடா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை நானே தின்றேன். ஸ்டாஃப் ரூமில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பயலை இவர்கள் எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டே தின்றேன். திரும்பி வரும்போது உடுமலை பஸ் ஸ்டாண்டில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர், "யாராச்சும் தவறிட்டாங்களாங்க?" என்று கேட்டார். இல்லை, பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எப்படிச் சொல்ல?

அதனால்தான் நீ வாங்க என்று கூப்பிட்டபோது எனக்குப் பயம் வந்தது. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு என்ன வேலை? வேண்டாத செல்லை உடம்பு வைத்துக்கொண்டிருக்காது. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் செல்கள் தாமாகவே கரைந்துபோகின்றன, யாரும் வெட்டுவதில்லை, சண்டை இல்லை, சத்தம் இல்லை. மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு, வேளாவேளைக்கு வாங்க சார் என்று கூப்பிட்டு, இலை போட்டு, என்னை நீங்கள் எல்லோரும் சேர்ந்து நல்லபடியாகக் கரைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். வரமாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

முந்தாநாள் அப்படி எடுத்த நேரத்தில் உன் அத்தையிடமிருந்து போன் வந்தது. அது முதல் போன் இல்லை. உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இது. புரட்டாசி முடிந்ததும் அவர்கள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க சம்பந்தி, அந்தக் கருவாட்டுக் கொழம்புக்கு என்னத்தயெல்லாம் போடுவீங்க?" என்று கேட்டார்கள். எதற்கு என்று கேட்டேன். மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள். "நானும் எத்தனையோ செஞ்சு போடறனுங்க. எல்லாம் தின்னுபோட்டு, நல்லாருக்குது அத்தை, எங்க அப்பா வெச்சா வேற மாதிரி இருக்கும்னு ஒரு பேச்சு வந்துருதுங்க. ரசம் வெச்சாலும் அப்பா, தொவையல் அரைச்சாலும் அப்பா. எனக்குப் பொறுக்கறதே இல்லீங்க." சாமு, இதைக் கேட்டபோது என் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. எழுந்து நின்றுகொண்டே பேசினேன். குழம்பு எப்படி வைப்பது என்று விவரமாகச் சொன்னேன், தேங்காய் அரைத்து ஊற்றுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன். நான் ஒருநாளும் தேங்காய் ஊற்றுவதில்லை என்று உனக்குத் தெரியும்.

முந்தாநாள் கூப்பிட்டது அதற்குத்தான். "வேணும்னே தப்பாச் சொல்லீட்டீங்க" என்றார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, கோபமான சிரிப்பு. "மாப்ள உங்கள இங்க வரச் சொல்லிக் கூப்பிட்டாராமுங்க. நீங்க வாங்க, நானும் வரச் சொல்றேன். ஆனா ஒண்ணு, என்ற அடுப்புப் பக்கம் மட்டும் வந்துராதீங்க. அத நா உட்டுத் தர மாட்டேன்." இத்தனை மாதத்தில் அந்த அம்மாள் சொன்ன எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. சம்பந்தி என்ற மரியாதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பாதி ராஜ்யத்தைப் பறிக்க வந்தவனிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார்கள். கரைந்துபோகிற ஆளிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஒரு அப்பனாக உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இலையின் முன் உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் கையைப் புகழாதே. நீ அவர்களிடம் என்னைப் புகழ்ந்தாய், என்னிடம் அவர்கள் பணியாரத்தைப் பேசினாய், நாங்கள் இருவரும் வெந்தோம். அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்கிற ஒரே ஆள் நீதான், அதுவும் எனக்குக் கண்ணை உறுத்துகிறது. வேலை பார்க்கிற லேபில் நாள் முழுக்க மற்றவர்கள் இரத்தத்தில் செல் எண்ணுகிறாய், சரி. அதில் இருக்கும் வெள்ளையணுவும் அமீபா மாதிரியே கிருமியை வளைத்துப் பிடித்துத்தான் விழுங்குகிறது, ஆனால் பிடிப்பது உடம்பு மொத்தத்துக்கும் காவலாக. வீட்டுக்கு வந்ததும் நீயும் ஏதாவது ஒரு வேலையைப் பிடி. சௌமியாவுக்கு ஒரு வேளையாவது நீ ஆக்கிப் போடு. அவள் அம்மா கைச்சோறு தின்று வளர்ந்தவள் அவள். உன் கைச்சோறு அவளுக்குப் பழகட்டும். அப்போதுதான் நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது வேறொருவர் வீட்டுத் தோசைக்கு ஓடும்போது, இந்தக் கடிதத்தில் நான் எழுதியது என்னவென்று உனக்கு விளங்கும்.

என் பொறாமை குறைந்துவிட்டதா என்று கேட்காதே. குறையவில்லை. குறைக்கவும் எனக்கு உத்தேசம் இல்லை. அதை எடுத்துக்கொண்டே வருகிறேன். இங்கே வீட்டைப் பாஸ்டரின் தம்பி வாடகைக்குக் கேட்டிருக்கிறார், புறப்படும்போது சாவி கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். உன் அத்தையோடு நேற்று அரை மணி நேரம் போனில் சண்டை போட்டு, மோட்டார் ரூம் பக்கத்தில் எனக்குத் தனியாக ஓர் அடுப்பு என்று முடிவாகியிருக்கிறது. வாரத்தில் எந்த நாட்கள் யாருக்கு என்பதில்தான் இழுபறி. ஞாயிறு எனக்கு, சனி அவர்களுக்கு, நடுவில் இருக்கிற நாட்களுக்கு நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்றேன். "வாங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். உன்னை இதில் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்குவேன். காலையில் உன் அத்தை எப்படியும் உன்னை உட்கார வைத்துப் பணியாரம் போடப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அப்பா